வாயடைத்த வண்டி

டிரைவரம்மா தன் புருஷனை ஒரு நாளும் ஒருமையில் பேசியதில்லை. "வாங்க", "உக்காருங்க", "சாப்பிட்டீங்களா" என்றுதான் பேசுவாள். அந்த மரியாதையை வைத்துக்கொண்டே ஒரு மனுஷனைத் தரையோடு தரையாகத் தேய்த்துவிடலாம் என்பதை டாக்சி ஸ்டாண்டில் இருந்தவர்கள் அவளிடம்தான் கற்றுக்கொண்டார்கள்.

"ஏங்க, காலையிலேருந்து படுத்துப் படுத்துக் களைச்சுப் போயிருப்பீங்க. கொஞ்ச நேரம் படுத்து ரெஸ்ட் எடுங்களேன்" என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் சிரித்துக்கொள்வார். சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறென்ன தெரியும் என்பது அவள் எண்ணம்.

அவருக்கு ஊரில் ஐஸ் என்று பெயர். முன்பு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கைவேலை சுத்தம். ஆனால் வேலையை முடித்துவிட்டுக் கூலி கேட்க வெட்கப்படுகிறவன் கடை வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. கடையை மூடிவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். சமைப்பார், துவைப்பார், விடிகாலையில் வண்டியைத் துடைத்து வைப்பார், மத்தியானம் முட்டையும் ரொட்டியும் டப்பாவில் போட்டு ஸ்டாண்டுக்கு எடுத்துக்கொண்டு வருவார். டிரைவரம்மா அந்த டப்பாவை வாங்கும்போதெல்லாம், "பாருங்கப்பா, எங்க வீட்டு ஆபீசர் வந்துட்டாரு" என்பாள். சீட்டாடிக்கொண்டிருக்கும் டிரைவர்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அவர்களையும் அவள் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. சவாரி வந்தால் "நீ போ, நீ போ" என்று ஒருவரையொருவர் தள்ளிவிடுகிற சோம்பேறிக் கூட்டம் என்பாள். புதிதாகக் கார் வாங்கி, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்த ஒருவனுக்குப் புதுவண்டி என்று பெயர் வைத்ததும் அவள்தான். மெக்கானிக்குக்குப் பாத்துக்கலாம் என்று பெயர். பிரேக் பிடிக்கவில்லை என்றாலும் சரி, கதவே கழன்று விழுந்தாலும் சரி, அவன் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான்.

இத்தனை ஆண்களுக்கு நடுவில் அவளிடம்தான் நிலையான ஓட்டம் இருந்தது. மலைமேல் ஒரு பள்ளிக்கூடம். அங்கே வேலை பார்க்கும் நான்கு டீச்சர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வர வேண்டும். மற்ற சவாரி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வீட்டில் அடுப்பு எரிந்ததும், பின்சந்தில் அவளும் புருஷனும் குடியிருந்த இரண்டு அறைக்கு வாடகை போனதும் டீச்சர்களால்தான்.

போன மழைக்காலத்தில் ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டு விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பலகை கொடுத்தார்கள். கனமான கறுப்புத் தகடு, ஓரத்தில் பித்தளைப் பட்டை, நடுவில் மஞ்சள் எழுத்தில் "சிறந்த ஓட்டுநர்", அதற்குக் கீழே சின்னதாக "விபத்தில்லா ஓட்டம்". சுவரில் மாட்டிக்கொள்வதற்கு வசதியாகப் பின்பக்கம் கொக்கி வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஐஸ் வீட்டில் ஆணியும் சுத்தியலும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார்.

"சுவத்துல மாட்டினா யாருங்க பாப்பா? பல்லியா?" என்றாள் டிரைவரம்மா.

வண்டியை நேரே பாத்துக்கலாமிடம் விட்டாள். வண்டி சின்னது, பழசு. முன்பக்கம் மேலே ஒரு கீற்றுத்தான் திறப்பு. கீழே பம்பருக்கு நடுவில் அகலமாகத் திறந்திருக்கும் இடத்தை மெக்கானிக்குகள் வாய் என்பார்கள். பலகை கச்சிதமாக அந்த அகலம் இருந்தது.

"அக்கா, வாய்மேல வருதே" என்று தலையைச் சொறிந்தான் பாத்துக்கலாம்.

"உங்க வாயை நீங்க பாத்துக்கோங்க தம்பி. வண்டி வாயை நான் பாத்துக்கறேன்."

அவன் மறுபேச்சுப் பேசாமல் துளை போட்டு நான்கு போல்ட் வைத்து முடுக்கிக் கொடுத்தான். மழைக்காலம் முழுக்க அந்தப் பலகை ஊரைச் சுற்றி வந்தது. எதிரில் வருகிறவர்கள் படித்துவிட்டு வழி விட்டார்கள் என்று அவள் நம்பினாள். சிலர் விட்டிருக்கவும் கூடும்.

மழை போய் வெயில் வந்தது. வெயிலென்றால் சாதாரண வெயில் இல்லை, ஸ்டியரிங்கைத் துணி சுற்றிப் பிடிக்க வேண்டிய வெயில். ஒரு நாள் காலை, மலைப்பாதையில் தண்ணீர்த்தொட்டி வளைவில் ஏறும்போது சூடு காட்டும் முள் நடுவிலிருந்து கிளம்பி மேலே போயிற்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பைத் தொட்டது. பானெட்டுக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. டீச்சர்கள் நால்வரும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பாதையோரம் குதித்தார்கள்.

அன்று ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றி ஏற்றிவிட்டாள். அடுத்த வாரம் மறுபடியும் அதே வளைவு. வழிமுழுக்க ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஊரில் வேலைவெட்டி இல்லாதவனெல்லாம் அந்த மாதம் எஞ்சின் டாக்டர் ஆனான். ஒருவன் ரேடியேட்டர் மூடியை மாற்றச் சொன்னான், ஒருவன் ஃபேனை நேரே பேட்டரியில் கொடுக்கச் சொன்னான். அவள் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். புதுவண்டி, "ஏறும்போது ஹீட்டரைப் போட்டு வச்சுக்கோங்கக்கா, எஞ்சின் சூட்டை அது இழுத்துக்கும்" என்றான். அது ஓரளவு உண்மைதான். ஆனால் இழுத்த சூட்டை அது உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தில்தான் ஊதும்.

"டிரைவரம்மா, எங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, வேகவைக்கறீங்களா?" என்றாள் கணக்கு டீச்சர். முகத்தில் பூசிய பவுடர் கழுத்துக்கு இறங்கியிருந்தது.

பெரிய டீச்சர் அதிகம் பேச மாட்டாள். அவள் பேசியது ஒரே தடவைதான். "இதோ பாருங்க, உங்க ஓட்டத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பசங்க மைதானத்துல நின்னுட்டு இருக்காங்க, தொறக்க வேண்டிய சாவி என் பையில இருக்கு. இன்னும் ஒரு தடவை வழியில நின்னா நான் புதுவண்டிக்காரரைக் கூப்பிட்டுக்கறேன். மனசுல வச்சுக்காதீங்க."

டிரைவரம்மா பயந்துதான் போனாள். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் ஐஸ் டப்பாவோடு ஸ்டாண்டுக்கு வந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. டப்பாவை நீட்டிவிட்டு வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கையை நீட்டிப் பலகைக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார்.

"இந்தப் பலகையைக் கழட்டிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாரேன்" என்றார்.

சீட்டாட்டம் நின்றது. இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அவள் ஏமாற்றவில்லை.

"சம்பாதிக்கத் தெரியாதவங்களுக்கு, அடுத்தவங்க சம்பாதிச்ச பலகை கண்ணை உறுத்தத்தாங்க செய்யும்" என்றாள், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "கழட்டிட்டா உங்களுக்கு நிம்மதியாத் தூக்கம் வருமா, சொல்லுங்க. இல்ல, அந்த எடத்துல உங்க கடை போர்டை மாட்டிக்கலாமா? அதுதான் சும்மா கெடக்கே."

ஸ்டாண்டே குலுங்கியது. புதுவண்டி சிரித்துச் சிரித்து இருமினான். ஐஸும் சிரித்தார். காலி டப்பாவை வாங்கிக்கொண்டு போனார். அவள் அன்று சாயங்காலமே அதை மறந்துவிட்டாள். தினம் நாலு பேரை வாங்கு வாங்கென்று வாங்குகிறவளுக்கு எதை என்று ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்?

சில நாள் கழித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவரே பேச்செடுத்தார்.

"பெரிய ரேடியேட்டரா போட்டுட்டா என்ன?"

"என்னது?"

"இப்ப இருக்கறது ஒத்தை அடுக்கு. ரெண்டு அடுக்கா, முழு அலுமினியத்துல வருது. தண்ணி ஜாஸ்தி புடிக்கும், சூட்டைச் சீக்கிரம் வெளிய தள்ளும். பாத்துக்கலாம்கிட்ட ஒண்ணு இருக்கு. பெரிய வண்டியோடது. கொஞ்சம் வெட்டி ஒட்டினா பொருந்தும்."

"தலைவலின்னா தலையணையை மாத்தற வைத்தியமாங்க இது?"

"தலையணை மாத்தினாலும் சில பேருக்குத் தூக்கம் வரும்" என்றார் ஐஸ். அவர் வாயிலிருந்து அதற்குமேல் வராது.

அவள் யோசித்தாள். பெரிய டீச்சரின் சாவி கண்முன்னால் ஆடியது. "உங்களால முடிஞ்சதைப் பண்ணுங்க. வண்டி கெட்டா மட்டும் நீங்கதான் டீச்சருங்களை முதுகுல தூக்கிட்டுப் போகணும்" என்று உத்தரவு கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாத்துக்கலாம் வந்துவிட்டான். முற்றத்தில் குழாயடிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பழைய தண்ணீரை வாளியில் இறக்கினார்கள். துருவேறிய தேநீர் மாதிரி இருந்தது. ஃபேனைக் கழற்றி, குழாய்களைப் பிடுங்கி, பழைய ரேடியேட்டரை மேல்வழியாக உருவி எடுத்தார்கள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, நடுவில் கை விரல் கனத்துக்கு மெல்லிய தகடுகள். அதன் முகத்தில் போன வருஷத்துப் பூச்சிகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. புதியது சாக்கிலிருந்து வெளியே வந்தது. தடியாக, வெள்ளி மாதிரி மினுங்கியது. சந்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்கியபடியே வந்து, தடவிப் பார்த்து, "நல்ல வெயிட்டு" என்று நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

டிரைவரம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அன்று சமையல் அவள் பொறுப்பு. அதையும் ஒரு தியாகம் மாதிரிதான் செய்தாள்.

"கொழந்தை பொறந்த மாதிரி ஊரே வந்து பாக்குது. பேரு என்ன வைக்கப் போறீங்க?" என்றாள்.

"பொறுக்கா, பொருந்தட்டும்" என்றான் பாத்துக்கலாம்.

அது பொருந்துவேனா என்றது. தடிமன் அதிகம். வைத்தால் ஃபேன் எஞ்சின் பெல்ட்டில் இடித்தது. பழைய தாங்கியை அறுத்தார்கள், இரண்டு இரும்புப் பட்டையை வளைத்துப் புதிதாகத் தாங்கி செய்தார்கள், அது ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபடி வளைத்தார்கள். ரேடியேட்டர் அதிராமல் இருக்க அடியில் ரப்பர் வேண்டும். ஐஸ் உள்ளே போய்த் தன் பழைய செருப்பைக் கொண்டுவந்து குதிகால் பக்கத்தை அறுத்து வைத்தார்.

"சரியாப் போச்சு. இனிமே வண்டி ஓடறதே உங்க செருப்புலதான்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

"அண்ணே, அந்தப் பக்கம் புடிங்க." பாத்துக்கலாம் குரலைத் தாழ்த்தினான். "இவ்ளோ பெருசு போட்டாலும், அண்ணே, காத்து..."

"நீ போல்ட்டைப் போடு."

"இல்லண்ணே, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுங்கறீங்க? கல்யாணப் பேச்சா?" என்றாள் டிரைவரம்மா.

"ஒண்ணுமில்லக்கா. பாத்துக்கலாம்" என்றான் அவன்.

குழாய்களை மாட்டிக் கிளிப்பை முடுக்கினார்கள். முன்சக்கரம் இரண்டையும் செங்கல்மேல் ஏற்றி மூக்கைத் தூக்கி நிறுத்தினார்கள். உள்ளே காற்று தங்கிவிட்டால் தண்ணீர் சுற்றாது. மூடியைத் திறந்து வைத்து, பச்சைக் கூலன்ட் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டார்கள். களக் களக் என்று குமிழி வந்தது. ஐஸ் ஒரு கையில் புனலும் ஒரு கையில் துணியுமாக அதன்மேல் குனிந்து நின்றார். குமிழி நிற்கிற வரை அவர் நிமிரவில்லை. கழுத்தில் வியர்வை வழிந்து சட்டைக்குள் போனது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறாரே என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எதற்கு எரிச்சல் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

முள் நடுவில் வந்து நின்றது. ஃபேன் தானாகச் சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. பாத்துக்கலாம் கையைத் தட்டினான். சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பும்போது வாசற்படியில் நின்றான்.

"அக்கா, அண்ணன் ஃபிரிட்ஜுக்குக் கேஸ் ஏத்தற மெஷினைக் குடுத்துட்டாரு. தெரியுமில்ல? இதுக்குப் பதிலா. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

கடையைக் காலி செய்தபோது எல்லாவற்றையும் விற்ற ஐஸ், அந்த ஒரு மெஷினை மட்டும் துணி போட்டு மூடிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். பெருக்கும்போதெல்லாம் அவள் காலில் இடிக்கும்.

"ஓடாத கடைக்கு மெஷின் எதுக்கு? கட்டிலுக்கு அடியில எடமாவது ஆச்சு" என்றாள்.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்தது. அவர் சோப்பை இன்னொரு தடவை போட்டுக் கழுவினார்.

திங்கள் காலை டீச்சர்கள் வருவதற்கு முன்பே அவரைப் பின்சீட்டின் மூலையில் உட்காரச் சொன்னாள். காலடியில் இரண்டு கேன் தண்ணீர். "நின்னா நீங்கதான் எறங்கி ஊத்தணும். செஞ்ச வைத்தியத்துக்கு வைத்தியர் பக்கத்துல இருக்கணும் இல்லீங்களா?" என்றாள். பெரிய டீச்சர் முன்னால் உட்கார, மற்ற மூன்று பேரும் அவரோடு பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐஸ் கதவோடு ஒட்டிக்கொண்டார்.

மலை ஏறத் தொடங்கியது. ஹீட்டர் போடவில்லை. ஜன்னல் வழியே வந்த காற்றே சூடாகத்தான் இருந்தது. தண்ணீர்த்தொட்டி வளைவு வந்தது. நான்கு டீச்சர்களும் பேச்சை நிறுத்தினார்கள். முள் நடுவிலேயே இருந்தது. வளைவைத் தாண்டிற்று.

"அட, தாண்டிடுச்சே!" என்றாள் கணக்கு டீச்சர்.

டிரைவரம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஐஸ் முள்ளைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. பழக்கமில்லாத இடமாதலால் அங்கேயே நின்றது. அதற்குள் ஒற்றைப்பாறை ஏற்றம் வந்துவிட்டது. பாதையிலேயே செங்குத்தான இடம் அது. இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. முள் அசைந்தது. முதலில் ஒரு நூல். பிறகு இன்னொரு நூல். பிறகு தயக்கமே இல்லாமல் மேலே போனது.

சிவப்பைத் தொடுவதற்குள் ஓரங்கட்டிவிட்டாள்.  கதவுகள் திறந்து மூடிய சத்தம் மட்டும் கேட்டது.

"வாங்க வைத்தியரே, எறங்குங்க" என்றாள். "கட்டிலுக்கு அடியில இருந்த மெஷினும் போச்சு, மலைமேல இருந்த மானமும் போச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்களுக்கு ரேடியேட்டர் சின்னது, கடை இருந்த தெரு சின்னது, ஊரே சின்னது. எல்லாம் சின்னது, நீங்க மட்டும்தான் பெருசு."

ஐஸ் கேனைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

கீழே ஹாரன் கேட்டது. புதுவண்டி வந்துகொண்டிருந்தான். இந்த நேரத்தில், இந்தப் பாதையில், காலி வண்டியோடு அவனுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வெளியே வந்தது.

"அக்கா, மறுபடியுமா? டீச்சர், ஏறிக்கறீங்களா? ஏசி ஓடுது."

கணக்கு டீச்சர் அவன் வண்டிக் கதவில் கையே வைத்துவிட்டாள். பெரிய டீச்சர் பையைத் தோளில் மாட்டினாள்.

"டீச்சர், ஒரு நிமிஷம்" என்று டிரைவரம்மா குறுக்கே வந்தாள். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுகிற குரல். "நான் ஒண்ணும் சும்மா இருக்கலை டீச்சர். புது ரேடியேட்டரே போட்டிருக்கேன். ரெண்டு அடுக்கு, முழு அலுமினியம். ஊர்ல எவன்கிட்டயும் இல்ல. நீங்களே வந்து பாருங்க."

பெரிய டீச்சரின் முழங்கையைப் பிடிக்காத குறையாக வண்டிக்கு முன்னால் அழைத்து வந்தாள். குனிந்து கையைக் காட்டினாள்.

"இதோ பாருங்க."

பெரிய டீச்சரும் குனிந்து பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"எங்க?"

"அதோ, அங்க..."

"எனக்குப் பலகைதான் தெரியுது" என்றாள் பெரிய டீச்சர்.

டிரைவரம்மா பார்த்தாள். சிறந்த ஓட்டுநர். பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். விபத்தில்லா ஓட்டம். கையை எடுத்துப் பலகைக்குப் பின்னால் விட்டாள். உள்ளே அனல். பலகைக்கு முன்னால் மலைக்காற்று அவள் சட்டையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் கை அங்கேயே இருந்தது. மழையில் மாட்டிய பலகை. வெயிலில் கொதித்த வண்டி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வண்டியின் வாயையும் சேர்த்துக் கெடுத்திருந்தாள்.

"ஸ்பானர்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

சட்டைப் பையிலிருந்து ஐஸ் ஒரு ஸ்பானரை எடுத்து நீட்டினார். பத்தாம் நம்பர். அந்த வண்டியில் கழற்றுவதற்கு எத்தனையோ சைஸ் போல்ட் இருந்தது. அவரிடம் இருந்தது அந்த ஒரு ஸ்பானர்தான். அது பலகையின் நான்கு போல்ட்டுக்கும் அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது.

அவளே மண்டியிட்டுக் கழற்றினாள். தகடு சுட்டது. கடைசிப் போல்ட் வந்ததும் பலகை அவள் மடியில் விழுந்தது. பின்னால் ரேடியேட்டர் மினுமினுவென்று வாயைத் திறந்துகொண்டு தெரிந்தது.

"அப்பாடா! இப்பவாவது..." என்று புதுவண்டி ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டான்.

அது ஒன்று போதுமாயிருந்தது. இவனுக்குத் தெரியும். இவனுக்குத் தெரியுமென்றால் ஸ்டாண்டில் சீட்டாடுகிறவர்களுக்கும் தெரியும். துளை போட்டவனுக்கு முதல் நாளே தெரியும். சிரித்தார்களே அன்றைக்கு, ஐயோ, எதற்குச் சிரித்தார்கள்! அவமானத்தில் அவளுக்குக் காது அடைத்தது.

எஞ்சினை நிறுத்தாமல் சும்மா ஓடவிட்டாள். முள் இறங்கியது. இத்தனை வேகமாக அது இறங்கி அவள் பார்த்ததில்லை. பெரிய டீச்சர் தன் பையைப் பார்த்தாள், புதுவண்டியைப் பார்த்தாள், மண் ஒட்டிய முழங்காலோடு நிற்கும் டிரைவரம்மாவைப் பார்த்தாள். பிறகு முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"கடைசி தடவை" என்றாள். கணக்கு டீச்சர் ஏசியிடம் மனசேயில்லாமல் விடைபெற்று வந்தாள்.

வண்டி ஒற்றைப்பாறை ஏற்றத்தில் முனகாமல் ஏறியது. முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பள்ளிக்கூட வாசலில் பசங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். மணி இன்னும் அடிக்கவில்லை.

"சாயங்காலம் வழக்கம்போல வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெரிய டீச்சர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது இருவர் மட்டும். அவர் முன்சீட்டுக்கு வந்திருந்தார், பலகை அவர் மடியில். இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையில்லை. பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினாள்.

"எத்தனை பேருக்குங்க தெரியும்?" என்றாள்.

"என்னது?"

"நடிக்காதீங்க."

"ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும்" என்றார். "பல் விளக்கிட்டே வந்தாரே பக்கத்து வீட்டுக்காரர், அவரும் நேத்து கேட்டாரு."

"எல்லாரும் சேர்ந்து வேடிக்கை பாத்தீங்க."

"பயந்துட்டு இருந்தாங்க. உன்கிட்ட யாரு வாயைக் குடுப்பா?"

அவள் ஒரு வளைவைத் திரும்பி முடித்தாள்.

"அவனுங்களை விடுங்க. நீங்க? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கில்ல? ஸ்பானரைப் பையில போட்டுக்கிட்டுச் சுத்தறதுக்கு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க?"

"டப்பா கொண்டாந்த அன்னிக்கு. கழட்டிட்டு ஓட்டிப் பாருன்னு சொன்னேன்." அவர் பலகையின் பித்தளை ஓரத்தை விரலால் துடைத்தார். "சம்பாதிக்கத் தெரியாதவங்களுக்கு, அடுத்தவங்க சம்பாதிச்ச பலகை கண்ணை உறுத்தத்தான் செய்யும்னு சொன்ன. அந்த எடத்துல என் கடை போர்டை மாட்டிக்கலாமான்னு கேட்ட."

கோபமில்லாமல்தான் சொன்னார். ஒரு எழுத்து விடாமல் சொன்னார். தன் வார்த்தைகள் அடுத்தவர் வாயிலிருந்து வருவதை அவள் அதுவரை கேட்டதில்லை. ஸ்டாண்டில் கேட்டபோது எத்தனை நன்றாக இருந்தது! இங்கே மூடிய வண்டிக்குள் அது நாறியது. இந்த மனுஷன் ஒரு பலகையைக் கழற்றச் சொல்வதற்குப் பதில், தன் கடையில் மிச்சமிருந்த ஒரே மெஷினைத் தூக்கிக் கொடுத்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் குனிந்து நின்று, செருப்பை அறுத்து ரேடியேட்டர் மாட்டியிருக்கிறார். அவளிடம் இரண்டாவது தடவை வாய் திறப்பதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

மன்னிப்புக் கேட்கிற வார்த்தை எதுவும் அவளிடம் இல்லை. தேடிப் பார்த்தாள். கையில் கிடைத்ததெல்லாம் பழைய சரக்கு.

"இன்னும் என்னெல்லாம் சொல்லாம வச்சிருக்கீங்க?" என்றாள் கடைசியில். கேலியாகச் சொல்லத்தான் வாயெடுத்தாள். கேலியாக வரவில்லை.

ஐஸ் மடியிலிருந்த பலகையை எடுத்துப் பின்சீட்டில் கவிழ்த்து வைத்தார்.

"வண்டியை ஓரமா நிறுத்து" என்றார். "சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்."

அவள் நிழலாகப் பார்த்து ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்தாள்.